மாரிண்ணாவின் இரண்டு ஃபாக் லைட்

வண்டிக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் முதலில் சுவிட்சை அணைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பக்கத்து அறை மாரிசெல்வத்துக்கு இதை நான் நயமாகவும் சொன்னேன், கத்தியும் சொன்னேன். ஒரு தடவை அவர் சாப்பிடும்போது தட்டுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டும் சொன்னேன். "சரி தம்பி" என்பார். அந்தச் சரிக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

வல்லக்கோட்டையில் முனியம்மாள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் காம்பவுண்டில் எட்டு அறைகள். எல்லாருக்கும் ஒரே தண்ணீர்த்தொட்டி, ஒரே இரும்புக் கேட்டு. கேட்டிலிருந்து தொட்டி வரை போகும் சந்தில்தான் எங்கள் பைக்குகள் எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். மாரிண்ணாவுக்கு ஓட்டப்பிடாரம் பக்கம். ஐ.டி.ஐ. ஃபிட்டர். இருபது வயதில் ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், ஒன்பது வருஷமாக இந்த ரோட்டிலேயே கம்பெனி மாற்றிக் கம்பெனி கான்ட்ராக்டில் ஓடிக்கொண்டிருக்கிறார். இப்போது ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அழுத்தும் கம்பெனியில் நைட் ஷிஃப்ட்.

அந்த பிரஸ் மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஒரு ஷிஃப்டுக்கு அதை எத்தனை ஆயிரம் தடவை அழுத்துகிறாரோ, வேலை முடிந்து வெளியே வந்துவிட்டால் மனிதர் எந்தப் பொத்தானையும் தொடமாட்டார். அறையில் ஃபேனும் லைட்டும் போட்டது போட்டபடி ஓடும். கேட்டால், "ராத்திரி பூரா அமுக்கிட்டுத்தான தம்பி வாறேன், இங்கனயும் அமுக்கணுமாக்கும்?" என்பார்.

அவர் மனைவி சுகப்பிரியாவும் மூன்று வயதுப் பெண் நிலாவும் ஊரில் இருக்கிறார்கள். ரோலில் ஏறினால்தான், அதாவது கம்பெனியே நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொண்டால்தான், அவர்களை இங்கே கூட்டிவருவது என்று முடிவு. கான்ட்ராக்ட்காரனுக்கு அடுத்த மாதம் எந்த கேட்டில் நிற்கப்போகிறோம் என்றே தெரியாது. அதை நம்பிக் குழந்தையோடு வீடு பிடிக்க முடியுமா? வருஷத்துக்கு ஒரு தடவை சில பேரை ரோலில் எடுப்பார்கள். அதற்கு முன் இரண்டு மாதம் ஆளைக் கவனிப்பார்கள். லேட்டும் லீவும் இருக்கக் கூடாது. ஒரு லேட்டைப் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவது விழுந்தால் அடுத்த வருஷம்தான்.

போன வருஷமே ஏறியிருக்க வேண்டியவர். அந்த இரண்டு மாதத்தின் நடுவில், ஏரிக்கரை ரோட்டில் ஒரு மாட்டின் மேல் மோதிவிட்டார். தெருவிளக்கு இல்லாத ரோடு அது. வெயிலில் காய்ந்த தாருக்குச் சூடு இருக்கும் என்று மாடுகள் பொழுது சாய்ந்ததும் வந்து படுத்துக்கொள்ளும். இவர் மோதிய மாடு கறுப்பு. மாடு எழுந்து போய்விட்டது. இவருக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்து, கட்டிலோடு கிடந்தார். அவரோடு சேர்ந்தவர்கள் ரோலில் ஏறிவிட்டார்கள்.

இந்த வருஷம் கவனிப்பு ஆரம்பித்ததுமே மனிதர் ஸ்ரீபெரும்புதூர் போய், வண்டிக்கு முன்னால் நான்கு ஃபாக் லைட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நான்கு! பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர், நடுவில் ஒரு சுவிட்ச். அவ்வளவுதான் கடைக்காரர் செய்த வேலை.

நான் இன்ஜினியரிங்கில் இ.இ.இ., அதாவது எலெக்ட்ரிக்கல், படித்தவன். உத்திரமேரூர் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள். கறுப்பு அங்கி போட்டு எடுத்த போட்டோவை அப்பா ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஆகவே காம்பவுண்டில் மோட்டார் ஓடவில்லை, மிக்ஸி சுற்றவில்லை என்றால் என் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கும் அதில் சந்தோஷம்தான், மறைப்பானேன். ஆனால் இந்த ஃபாக் லைட்டை மட்டும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"மாரிண்ணா, சாவிய எடுத்தாலும் இது எரியும். நீங்க காலைல வெளிச்சத்துல வந்து நிறுத்துவீங்க, எரியறதே தெரியாது. சுவிட்ச மறந்தீங்கன்னா பேட்டரி காலி."

"நான் ஏன் மறக்கேன்?"

மறந்தார். அந்த வாரமே ஒரு நாள் சாயங்காலம் சாவியைத் திருகினால் வண்டி 'டக்' என்றுகூடச் சொல்லவில்லை. அவருடைய வண்டிக்குக் கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். பேட்டரி செத்துவிட்டால் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பும் ஓடாது. தள்ளிக்கொண்டு ஓடினாலும் ஸ்டார்ட் ஆகாது. தள்ளிப் பார்த்தோம். கேட்டிலிருந்து முருகன் கோயில் வளைவு வரைக்கும் தள்ளினோம். கடைசியில் ஷேர் ஆட்டோவுக்காக நின்று, பஞ்ச் அடிக்கும்போது லேட். பொறுத்துக்கொள்ளப்படும் அந்த ஒரே லேட் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். வண்டியில் பேட்டரிக்கு மின்சாரம் தருவது இன்ஜின் பக்கத்தில் இருக்கும் காயில் என்கிற கம்பிச்சுருள். இன்ஜின் ஓடினால்தான் அது வேலை செய்யும். அது தருவதில் வண்டியின் செலவு போக என்ன மிஞ்சும் என்று பார்த்தால், நான்கு லைட்டுக்குக் கட்டாது. ஓடும்போதே பேட்டரியைத் தின்னும். இரண்டைக் கழற்றினேன். அதற்கே அவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு ஒரு ரிலே போட்டேன். சாவி போட்டதும் ஒரு சின்ன கரன்ட் ரிலேக்குப் போகும். ரிலே பேட்டரியிலிருந்து லைட்டுக்குப் பெரிய கரன்டைத் திறந்துவிடும். சாவியை அணைத்தால் ரிலே மூடிக்கொள்ளும். நடுவில் ஒரு ஃபியூஸ். சுத்தமான வேலை.

"இந்த சுவிட்ச் எதுக்கு?" என்றார்.

"பகல்ல வேணாம்னா அணைக்க."

"அத எடுத்துரு தம்பி. அதுல விரலு போனா மறுபடி மறப்பு. வண்டி எடுத்தா எரியணும், நிறுத்துனா அணையணும். எனக்கு வேற சோலி வைக்காத."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்று சுவிட்சைக் கழற்றினேன். "இனி சாவிய அணைச்சா போதும்ணா. பேட்டரி இறங்கவே இறங்காது. நான் கேரன்ட்டி" என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேட்டரி செத்துக்கிடந்தது.

நம்ப முடியவில்லை. "சாவிய அணைச்சீங்களா?"

"அணைச்சேன்."

"நெஜமா?"

"நிலா மேல சத்தியமா அணைச்சேன்டே! சாவி அணைக்காம வண்டி நிக்குமா?"

அன்று என்னுடைய பழைய வண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு பறந்தேன். அது கிக்கர் வண்டி, சாகாது. ஆனால் ஹெட்லைட் மங்கல். பின்னால் உட்கார்ந்துகொண்டு, "இது லைட்டா, இல்ல ஊதுவத்தியா? மாடு, மாடு, எடது பக்கம் மாடு" என்று காதுக்குள் கத்திக்கொண்டே வந்தார். கேட்டு மூட இருந்த நேரத்தில் உள்ளே ஓடினார்.

பேட்டரி பழசு என்று புது பேட்டரி போட்டோம். வியாழக்கிழமை அதுவும் செத்தது. மறுபடி என் வண்டி, மறுபடி காதுக்குள் மாடு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மல்ட்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். சாவியை அணைத்துவிட்டு எங்கேயாவது கரன்ட் கசிகிறதா என்று ஒயர் ஒயராகப் பார்த்தேன். சுத்தம். சாயங்காலம் வரை வண்டியை அப்படியே நிறுத்திவைத்தேன். பேட்டரி கல் மாதிரி இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் செத்தது. ஞாயிறு நல்லா இருக்கிறது, திங்கள் சாகிறது! லீவு நாளில் மட்டும் உயிரோடு இருக்கும் பேட்டரியை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

முனியம்மாள் தொட்டிக்கரையில் துணி அலசிக்கொண்டே தன் முடிவைச் சொன்னாள். "கண்ணுபா. அம்மாம் பெரிய லைட்ட மாட்டிகினு ரோட்ல போனா ஊரு பாக்காதா? எலுமிச்சம்பயம் கட்டு."

மாரிண்ணா கட்டிவிட்டார். எலுமிச்சம்பழம், மிளகாய், கரித்துண்டு என்று ஒரு கொத்து ஃபாக் லைட்டுக்கு நடுவில் ஆடியது. என் ரிலேக்கு மேல். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது.

"ரெண்டு மாசத்துக்கு அந்த லைட்டயே கழட்டி வைங்கணா. ரோல்ல ஏறினப்புறம் மாட்டிக்கலாம்."

"தோளெலும்பு ஒடிஞ்சது ஒனக்கா எனக்கா?"

"லேட்டானா அதே கதைதான?"

"லேட்டானா அடுத்த வருசம். மாட்டுல விழுந்தா?" என்றார். எலுமிச்சைக் கொத்தை நேராக்கிக்கொண்டே, "சுகப்பிரியா எங்கிட்ட இப்பல்லாம் எப்ப கூட்டிட்டுப் போறீயன்னு கேக்கதே இல்ல தம்பி. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார். பிறகு அவரே, "நீ படிச்ச காலேஜுல பைக்கு உண்டா? பெரிய மோட்டாரு மட்டும்தானா?" என்று கேட்டு, வந்த இரக்கத்தையும் கெடுத்தார்.

இப்படியே வாரங்கள் போயின; பேட்டரி செத்த நாளெல்லாம் அவர் என் வண்டியில்தான். கடைசியில் விஷயம் வெளிப்பட்டது என் அடையாள அட்டையால். எனக்குக் கம்பெனி பஸ்; ஏழரைக்கு நடந்து போய் ரோட்டில் நிற்க வேண்டும். ஒரு நாள் பாதி வழியில் கழுத்தைத் தடவினால் அட்டை இல்லை. திரும்பி ஓடிவந்தேன். மாரிண்ணா ஷிஃப்ட் முடிந்து வந்து, படுத்துவிட்டிருந்தார். அவர் அறை ஃபேன் சத்தம் வெளியே கேட்டது. சந்தில், முதல் அறை பாண்டுரங்கன் மாரிண்ணாவின் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இங்கே எங்கள் காம்பவுண்டின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சந்து குறுகல். ஒருவர் நைட் முடிந்து வரும்போது, இன்னொருவர் பகல் ஷிஃப்டுக்குக் கிளம்புவார். கடைசியில் வந்த வண்டி, முதலில் போக வேண்டிய வண்டியை மறித்து நிற்கும். தூங்குகிறவனை எழுப்ப முடியுமா? அதனால் யாரும் சாவியை எடுத்துக்கொண்டு போவதில்லை, வண்டியிலேயே விட்டுவிடுவோம். வேண்டியவர் வேண்டிய வண்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் போகலாம். முன்பு ஒரு தடவை யாரோ கியரில் நின்ற வண்டியை இழுத்து, வரிசையாக அத்தனை வண்டியும் சரிந்து முனியம்மாளின் தொட்டி விளிம்பு உடைந்துபோனது. அன்றிலிருந்து முனியம்மாள் போட்ட சட்டம்: சாவியைத் திருகு, நியூட்ரல் பச்சை லைட் எரிகிறதா பார், அப்புறம் தள்ளு. சட்டம் அவ்வளவுதான். தள்ளிய பிறகு சாவியைத் திருப்பி அணைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆகவே யாரும் அணைப்பதில்லை. சாயங்காலம் சாவி திருகியே கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது; வண்டி எடுக்க வந்தவரே திருகினார் என்றுதான் நினைப்போம்.

மற்ற வண்டிகளில் அந்தப் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்து கிடக்கும். அதற்குப் பேட்டரி சாகாது. செத்தாலும் கிக்கர் இருக்கிறது.

பாண்டுரங்கன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், திருவள்ளூர் பக்கத்துக்காரர். என் கண்ணெதிரில் சாவியைத் திருகினார். பச்சை எரிந்தது. என் சுத்தமான வயரிங்கில் இரண்டு ஃபாக் லைட்டும் எரிந்தன. வண்டியைத் தள்ளிப்போய்த் தொட்டி மூலையில், சுவரைப் பார்த்து நிறுத்தினார். காலை வெயில் சுவர் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. அதில் லைட் எரிகிறது என்று கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பாண்டுரங்கன் தன் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கிளம்புவதில்லை. யாரும் தள்ளுவதில்லை.

"பாண்டுண்ணா! சாவிய அணைக்கலயா?"

"இன்னாத்துக்கு?"

"லைட் எரியுது!"

குனிந்து பார்த்தார். "அட, ஆமா. ஸோக்கா எரியுது" என்றார். "அதுக்கு நான் இன்னா பண்றது? ஆயா சொன்ன மாரி பச்சய பாத்துகினுதான் தள்ளினேன். லைட்டு மாட்னவன கேளு."

"தினமும் இப்படித்தான் பண்றீங்களா?"

"நான் மட்டுமா? யாரு மொதல்ல போறாங்களோ அவங்க. இதுக்கு இன்னாத்துக்குபா பேஜார் பண்ற? டைம் ஆவுது."

எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்! பேட்டரி மாற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, எலுமிச்சம்பழத்தோடு சண்டை போட்டு! அன்று சாயங்காலமே முனியம்மாளிடம் போய், தள்ளிய பிறகு சாவியை அணைக்கச் சொல்லுங்கள் என்றேன். "எல்லாருக்கும் நான் பள்ளிக்கூடம் நடத்தினு இருக்க முடியுமா? ஒயர மாத்து" என்றாள். அதுவும் சரிதான். எட்டு அறை ஆட்களை மாற்றுவதைவிட ஒரு ஒயரை மாற்றுவது சுலபம்.

மாரிண்ணாவின் வண்டியில் சாவி போட்டால் மட்டும் ஹெட்லைட் எரியாது. இன்ஜின் ஓட ஆரம்பித்தால்தான் எரியும். ரிலேக்குப் போகும் சின்ன ஒயரைச் சாவி லைனிலிருந்து எடுத்து, ஹெட்லைட் லைனில் கொடுத்தேன். இனி யார் சாவியைத் திருகினாலும் பச்சை மட்டும் எரியும். இன்ஜின் ஓடினால்தான் ஃபாக் லைட். இன்ஜின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் வேண்டுமென்றே சாவியைத் திருகியபடி விட்டுப் பார்த்தேன். சாயங்காலம் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆனது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். வேறு ஆளாக இருந்தால் முடிந்திருக்கும்.

"நீ போன தடவயும் கேரன்ட்டின்னுதான சொன்ன?" என்றார் மாரிண்ணா. கவனிப்பு முடிய இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. அவருக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை: என் மேல், பாண்டுரங்கன் மேல், ரிலே மேல். ஆகவே அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் வந்ததும் ஸ்பேனரை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, அறைக்குள் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்தார்! சாயங்காலம் மறுபடி மாட்டிக்கொண்டு போவார். பொத்தானைத் தொடச் சோம்பல்படும் மனிதர், தினமும் இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டுவார்.

"மாரிண்ணா, வேணாம். அவசரத்துல மாத்தி மாட்டுவீங்க."

"சரி தம்பி."

முதலிரண்டு நாள் அவர் கேட்டோரமாக நிறுத்தியிருந்தார், யாருக்கும் மறிக்கவில்லை. மூன்றாம் நாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சந்தில் ஒரே சத்தம். பாண்டுரங்கன் வண்டிக்குக் குறுக்கே மாரிண்ணாவின் வண்டி. சாவியைத் திருகினால் பச்சை வரவில்லை. பேட்டரியே இல்லாத வண்டியில் எங்கிருந்து வரும்? பச்சை பார்க்காமல் தள்ள அவருக்குத் தைரியமில்லை. முனியம்மாள் தொட்டி மேலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"யோவ் மாரி! எய்ந்து வாயா! வண்டில உசுரே இல்ல!" கதவை உடைக்காத குறை.

மாரிண்ணா லுங்கியோடு, பேட்டரியைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். "என்னவே காலங்காத்தால? மனுசன் படுத்து அரமணி நேரம் ஆகல."

"பேட்டரிய கட்டினு தூங்குற ஆள இப்பத்தான்யா பாக்குறேன். எனுக்கு இன்னிக்கு லேட்டு. ஒன்னாலதான்!"

"ஒன்னால எனக்கு எத்தன நாளு போச்சுன்னு தெரியுமாவே?"

அந்தச் சண்டையின் நடுவில்தான் அவருடைய போன் அடித்தது. லைன் சூப்பர்வைசர். மாரிண்ணா போனைக் காதில் வைத்ததும் குரலே இறங்கிவிட்டது. "சொல்லுங்க சார்... ஆமா சார்... ஒம்பதுக்கா? இன்னைக்கா?" போனை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தார். "பேரு வந்துட்டாம். ரோல்ல. ஒம்பது மணிக்குள்ள சர்ட்டிபிகேட்டோட மெடிக்கலுக்கு வரச்சொல்லுதாவ. வராதவங்களுக்குப் பதிலா அடுத்த ஆள எடுத்துருவாகளாம்."

 எல்லாரும் சேர்ந்து கத்தினோம். அவர் உள்ளே ஓடி பேன்ட் மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, பேட்டரியோடு வண்டிக்கு ஓடினார். நான் "கொடுங்க, நான் மாட்டறேன்" என்று கையை நீட்டுவதற்குள் பிளஸ்ஸை மைனஸிலும் மைனஸைப் பிளஸிலும் வைத்துவிட்டார். பட்டென்று ஒரு சத்தம். மெயின் ஃபியூஸ் போய்விட்டது.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் திட்ட முடியவில்லை. 

"இனிமே பச்சய பாத்து இன்னா ஆவப்போவுது" என்று பாண்டுரங்கன் வண்டியை அப்படியே தூக்கி ஓரமாக நகர்த்தினார். தன் வண்டியை எடுத்து ஒரே உதை. "எனுக்குதான் எப்டியும் லேட்டு. ஏறுயா, சாவுகிராக்கி. கெட்டியா புட்ச்சிக்கோ."

மாரிண்ணா ஏறினார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கேட்டைத் தாண்டும்போது திரும்பி, "தம்பி, சுகப்பிரியாவுக்கு நீ போன் போட்டுச் சொல்லிராத! நான்தான் சொல்லணும்!" என்று கத்தினார்.

நான் மணி பார்த்தேன். என் கம்பெனி பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. என் பழைய வண்டியிலேயே போனேன். பஞ்ச் அடித்தபோது என் பெயருக்கு நேரே லேட் விழுந்தது. இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் லேட். மேனேஜர் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். பக்கத்து ரூம் அண்ணன் பேட்டரியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார் சார் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மத்தியானம் கேன்டீனில் இருந்தபோது மாரிண்ணாவின் போன் வந்தது. "மெடிக்கல் பாஸு. திங்கக்கெழம சேரச் சொல்லிட்டாவ" என்றார்.   சாயங்காலம் போகும்போது ஒரு மெயின் ஃபியூஸ் வாங்கிக்கொண்டு போனேன்.